மலைநாட்டுக்கு எந்த ‘121’?

ஹட்டனில் ‘121’ என்று சொன்னால் போதும், எந்தக் கார் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. டொயோட்டா கொரோலாவின் ஒன்பதாவது தலைமுறை அது. 2000 ஆகஸ்டில் ஜப்பானில் வெளிவந்தது. 2006 அக்டோபரில் எக்ஸியோ வந்ததும் அங்கே விடைபெற்றது. இருபது வயது தாண்டிய பிறகும் நம் மலைநாட்டில் அதற்கு இருக்கும் கிராக்கி குறையவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி பிறந்தது. அந்த இடைக்காலத்தில் 121 வைத்திருந்த பலர், தாங்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்றார்கள்.

இவ்வளவு பணம் கொட்டி வாங்குகிறவர்கள் எந்த 121 என்பதை மட்டும் யோசிக்காமல் வாங்குவதுதான் எனக்கு வருத்தம். கொழும்புச் சந்தையில் மதிப்பு ‘ஜி’ கிரேடுக்கும் ஒட்டோ கியருக்கும். அதே கணக்கை அப்படியே மலைக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். ஒட்டோ ‘ஜி’, மெனுவல் ‘எக்ஸ்’ இரண்டையும் ஹட்டன்–நுவரெலியா வீதியில் ஓட்டிப் பார்த்தபின் எனக்குச் சந்தேகமே இல்லை: நம் ஏற்ற இறக்கங்களுக்கு மெனுவல்தான்.

முதலில் இந்தத் தலைமுறை எப்படி உருவானது என்று பார்ப்போம். இதற்கு முந்திய ‘110’ வந்தது 1995இல். ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்து, கம்பனிகள் கையைக் கட்டிச் செலவு செய்த காலம் அது. சக்கரங்களுக்கிடையே உள்ள தூரம் 1991இல் வந்த ‘100’இல் இருந்ததுபோலவே 2,465 மில்லிமீட்டர். 121இல் அடித்தளத்தையே மாற்றினார்கள். சக்கர இடைத்தூரம் 2,600 ஆனது. காரின் உயரம் 1,385இலிருந்து 1,470க்கு ஏறியது. இந்த 85 மில்லிமீட்டரின் அருமை, முழங்கால் வலியுள்ள தாயை டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகிறவர்களுக்குத் தெரியும். 110இல் தலையைச் சாய்த்துக் குனிந்து, பள்ளத்தில் இறங்குவதுபோல் உட்கார வேண்டும். 121இல் சேலையைக் கையில் பிடித்தபடி நேராக இருக்கையில் அமர்ந்து, பிறகு ஆறுதலாகக் காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். பின்னிருக்கையில் மூன்று பெரியவர்கள் உண்மையாகவே உட்கார முடிகிற முதல் கொரோலா இது என்பேன்.

உயரமும் நீளமும் கூடினாலும் அகலம் 1,695 மில்லிமீட்டரோடு நின்றது. ஜப்பானில் 1,700ஐத் தாண்டினால் சிறிய கார் என்ற பதிவு போய்விடும். அதனால் அந்தக் கோட்டுக்குள் அடக்கினார்கள். அந்த நாட்டுச் சட்டத்தின் பலன் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலைச் சரிவு, எதிரே கொழுந்து லொறி என்று வரும் தோட்டப் பாதையில் ஒரு சாண் இடம்கூடப் பெரிய விஷயம். இந்தியாவிலும் தாய்லாந்திலும் அமெரிக்காவிலும் விற்ற இதே தலைமுறைக் கார் நாலரை மீட்டருக்கு மேல் நீண்டது. இங்கே பாவித்த காராக வந்திறங்கிய ஜப்பான் செடான் அதைவிடக் குட்டை. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிடும்போது இது எவ்வளவு உதவுகிறது என்பது ஸ்டியரிங்கைப் பிடித்தவர் கைக்குப் புரியும்.

இனி எஞ்சின். நம்மிடையே அதிகம் இருப்பது 1,497 சி.சி. ‘1என்.இசட்.’ பெற்றோல் எஞ்சின். அலுமினிய பிளொக், வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் வி.வி.டி.-ஐ முறை, சுமார் 109 குதிரைவலு. 110இல் இருந்த பெற்றோல் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட். குறித்த தூரத்தில் மாற்றாவிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். இதற்குச் செயின். “ஒயிலை நேரத்துக்கு மாத்துங்க அண்ணே, செயினைப் பத்தி யோசிக்கவே வேணாம்” என்றார் ஹட்டனில் ஒரு கராஜ்காரத் தம்பி. விட்ஸ், புரோபொக்ஸ், அலியன் என்று பல கார்களிலும் இதே எஞ்சின் இருப்பதால் உதிரிப்பாகத்துக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

அந்த 109 கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் தான் இழுக்கும் காற்றின் அளவுக்கே வலுவைத் தரும். ஆகவே நானுஓயா ஏற்றத்தில் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 90 குதிரைவலு. 1.3 லீட்டர் எஞ்சின் கீழேயே 90ஐத் தொடுவதில்லை. ஐந்து பேரையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறும் குடும்பம் அதை வாங்கவே கூடாது. 2.2 லீட்டர் டீசலுக்கு 79 குதிரைவலு. அதுவும் டர்போ இல்லாத பழைய வகை. ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்கும். சுமையை அது இழுக்கும், வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கொட்டகலை தாண்டி டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளை ஒட்டிப் போகும் பகுதியில் ஒட்டோவுக்கும் மெனுவலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தலவாக்கலையைக் கடந்து லிந்துலை, நானுஓயா என்று வீதி நிமிரும்போதுதான் ஒட்டோ தடுமாறுகிறது. அதற்கு நான்கு கியர்தான். ‘டி’யில் விட்டால் நான்காம் கியரில் மூச்சு வாங்கும், மூன்றுக்கு இறங்கி இரையும், கொஞ்சம் சமதளம் கண்டதும் மறுபடி நான்குக்குத் தாவும், அடுத்த வளைவில் திரும்பவும் இறங்கும். கியர்த்தண்டில் உள்ள ஓ.டி. பொத்தானை அமத்தி நான்காம் கியரை அடைத்துவிட்டால் அந்தத் தாவல் நிற்கும். மலையில் ஒட்டோ 121 ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை.

இந்த எஞ்சினின் முழு இழுவை கிடைப்பது நிமிடத்துக்கு 4,200 சுற்றை ஒட்டி. மெனுவலில் மூன்றாம் கியரைப் போட்டு அந்த அளவைச் சுற்றியே வைத்திருந்தால், ஐந்து பேரோடும் கார் சலிக்காமல் ஏறுகிறது. வளைவுக்கு முன் இரண்டுக்கு இறக்கி, திரும்பி, கால் வைத்தவுடன் எழும்புகிறது. ஐந்து கியர் இருப்பதால் எஞ்சினுக்கு வேண்டிய கியர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

இறக்கம் இன்னும் முக்கியம். நானுஓயா பக்கமுள்ள ரதல்ல குறுக்குவீதியில் 2023 ஜனவரியில் நடந்த பஸ் விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது எந்த வாகனத்துக்கும் ஆகாது. 1.5இல் முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம். மெனுவலில் இரண்டாம் கியர் போட்டால் எஞ்சினே காரைப் பிடித்து இறக்குகிறது. பிரேக் மிதிப்பது வளைவுகளில் மட்டும். ஒட்டோவிலும் ‘2’ இருக்கிறது, அதைப் போட்டால் பிடிக்கிறது. ஆனால் அந்தப் பிடி மெனுவலளவு இறுக்கமில்லை; அடிவாரத்துக்கு வரும்போது பிரேக் பெட் காயும் மணம் மூக்கில் ஏறியது.

வகைகளைச் சொல்லி முடியாது. ‘எக்ஸ்’ எளியது. ‘ஜி’ நடுத்தரம். ‘லக்ஸெல்’ சொகுசு. பின்கதவு வைத்த ரன்க்ஸ், அலெக்ஸ், மூன்று வரிசை இருக்கை போட்ட ஸ்பேசியோ, நீளக்கூரை ஃபீல்டர். ரன்க்ஸிலும் ஃபீல்டரிலும் 190 குதிரைவலுத் தரும் 1.8 எஞ்சின்கூட உண்டு. நம் வீதிகளில் அதற்கு வேலையில்லை. பாகிஸ்தானில் 1.3 பெற்றோலோடும் 2.0 டீசலோடும் அங்கேயே செய்து விற்றார்கள். இத்தனை முகம் காட்டியும் 2002இல் ஜப்பானின் அதிக விற்பனைக் கார் என்ற இடத்தை, 33 ஆண்டுகள் வைத்திருந்த பிறகு, ஹொண்டா ஃபிட்டிடம் இழந்தது கொரோலா.

இவற்றில் செடானைவிட எனக்குப் பிடித்தது ஃபீல்டர். மரக்கறி மூட்டையோ, ஊர்த் திருவிழாவுக்குப் பாத்திரங்களோ ஏற்றலாம் என்பது ஒன்று. பின்கண்ணாடிக்கு வைப்பர் இருக்கிறது என்பது மற்றொன்று. ரம்பொடையிலோ நுவரெலியாவிலோ பனிமூட்டமும் தூறலும் சேர்ந்து வரும் மாலையில் செடானின் பின்கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. நான்கு சக்கர இழுவை ஃபீல்டரும் கிடைக்கிறது. ஆனால் நம் தார் வீதிக்கு அது கூடுதல் எடையும் கூடுதல் பெற்றோல் செலவும்தான்.

குறை இல்லாமல் இல்லை. முன் பம்பர் தாழ்வு. லயத்துக்கு ஏறும் கொங்கிரீட் மேட்டில் நேராக ஏற்றினால் கீழ் உதடு உரசும். சரித்துத்தான் ஏற்ற வேண்டும். பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைப்பதால், கல் பெயர்ந்த தோட்டப் பாதையில் ஒரு பக்கக் குழி மறுபக்கத்தையும் அசைக்கிறது. 110இன் பின்பக்கம் இந்த விஷயத்தில் மென்மையானது.

வாங்கப் போகிறவர்கள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் கரகரவென்று செயின் சத்தம் சில நொடிக்கு மேல் நீடித்தால், ஒயில் ஒழுங்காக மாற்றாத கார். சிறு குழிகளில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் ‘டொக் டொக்’ என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது கீழ்க்கைப் புஷ், இரண்டும் மாற்றக்கூடியவை, அந்தக் காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஸ்பெயார் வீல் குழியில் ஈரமும் துருவும் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மலை மழையில் ரப்பர் விளிம்பு தளர்ந்த கார்களுக்கு முதலில் அங்கேதான் தண்ணீர் தேங்கும். மெனுவலாக இருந்தால் ஏதாவது ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, மூன்றாம் கியரில் கிளட்ச்சை விட்டுப் பாருங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் இரைந்துகொண்டே இருந்தால் புது கிளட்ச்சுக்கும் சேர்த்து விலை பேசுங்கள்.