வீட்டிலேயே ஒரு மாணவன்

மும்பையின் சுனாபட்டி, தாராவிப் பக்கத்து ஒற்றை அறை வீடுகளில் தம்பி தங்கைகளைப் பங்காளிகளாகப் பார்ப்பதே எளிது: பாயில் பாதி போகும், வடா பாவ் இரண்டாகும். ஆனால் மூத்தவருக்குக் கிடைக்கும் லாபம் பெரிது, வீட்டிலேயே ஒரு மாணவன். பள்ளியில் அன்று கற்ற மராத்தி எண்களை மாலையில் அவனிடம்தான் ஒப்பிக்க முடியும், “அதெப்படி?” என்று அவன் கேட்டதும் புரிந்தது பாதிதான் என்று தெரிந்துவிடும். சொல்லிக்கொடுப்பதும் மூத்தவரைக் கூர்மையாக்குகிறது என்று 1975இல் ஆய்வாளர்கள் ராபர்ட் சயான்ஸ், கிரிகரி மார்க்கஸ் வாதிட்டார்கள். 2007இல் வெளிவந்த நார்வே ஆய்வில், ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 2.4 லட்சம் இளைஞர்களில் மூத்தவர்கள் நுண்ணறிவுத் தேர்வில் சராசரியாகச் சில புள்ளிகள் முன்னே நின்றார்கள். முன்னே பிறந்த குழந்தை சிசுவிலேயே இறந்துபோனதால் வீட்டில் மூத்தவராக வளர்ந்தவர்களும் அப்படியே. ஆகவே காரணம் பிறந்த வரிசையல்ல, வீட்டில் வகித்த இடம். வித்தியாசம் சிறியதுதான், சொல்லிக்கொடுத்ததால்தான் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவும் இல்லை.

‘தண்ணீர்க் குழாயடியில் இடுப்பில் தம்பியோடு நிற்கும் அக்காவுக்கு இதில் என்ன சந்தோஷம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவள் சுமப்பது பெற்றோரின் வேலையை. அதைப் பாசம் என்று பூசி மெழுகக் கூடாது. நான் ரசிப்பது அந்தச் சுமை இறங்கிய பிறகு மிஞ்சும் அரட்டையை, சண்டையை. அங்கே பாடம் ஒருவழிப் பாதையும் அல்ல. சந்தில் கிரிக்கெட் ஆடித் திரும்பும் தம்பி பேசும் இந்தியில், பத்தாவது படிக்கும் அக்காவின் புத்தகத்தில் இல்லாத வசவுகளும் தாராளமாக இருக்கும்.