சிவப்பு பட்டன் எதை அணைக்கிறது?

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் தயாரிப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. ஒரே ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்கு வருஷம் 100 காலன், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 200. விற்கக்கூடாது, அவ்வளவுதான். முன்பு கேஸ் பர்னர் வைத்துக் கொதிக்கவிட்டார்கள். இப்போது பலர் 240 வோல்ட்டில் ஓடும் 5,500 வாட் எலிமென்ட்டுக்கு மாறிவிட்டார்கள். அதை ஆட்டிவைக்கும் கன்ட்ரோல் பேனலையும் சொந்தமாகவே செய்துகொள்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அந்தப் பேனல் வரைபடங்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தில் வெப்பநிலை சுமார் 65-லிருந்து 68 டிகிரிக்குள் நிற்க வேண்டும். குறைந்த பக்கம் போனால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகமாகி பியர் வறண்டு போகும், கூடின பக்கம் போனால் கனமாகும். இரண்டு மூணு டிகிரியில் ருசியே மாறுகிற இடம் இது. இங்கே பிஐடி கன்ட்ரோலர் தன் சம்பளத்துக்கு உழைக்கிறது. கொதிக்கும் பாத்திரத்துக்கும் அதே டிஜிட்டல் பெட்டியை ஏன் வைக்கிறார்கள் என்பதுதான் புரிவதில்லை. கொதி வந்த பிறகு எவ்வளவு வாட் கொடுத்தாலும் நீர் கிட்டத்தட்ட 100 டிகிரியிலேயே நிற்கும், ஆவி மட்டும்தான் கூடும். அங்கே தேவை வெப்பநிலை இல்லை, நூற்றுக்கு எத்தனை பங்கு மின்சாரம் என்பது. அதனால் அந்தப் பிஐடியை மேனுவல் மோடில் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். திருகுகிற ஒரு குமிழ் போதும். ஆனா குமிழ் போட்டோவில் அழகா இருக்காதே!

என் உண்மையான புகார் வேறு. இந்த வரைபடங்களில் பெரும்பாலானவை எல்லாம் சரியாக இருக்கும்போது பேனல் என்ன செய்யும் என்றே விளக்குகின்றன. ஏதாவது ஒன்று கெட்டால் என்ன செய்யும்?

எஸ்எஸ்ஆரை எடுத்துக்கொள்வோம். பிஐடி சொல்படி எலிமென்ட்டை நொடிக்கணக்கில் அணைத்து ஏற்றும் சில்லு அது. 5,500 வாட் என்றால் கிட்டத்தட்ட 23 ஆம்பியர், அந்த ஓட்டத்தில் அதுவே சுமார் 25 வாட் சூடாகும். ஹீட்சிங்க் சரியில்லை என்றால் செத்துவிடும். சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது 'ஆன்' நிலையில். திரையில் 'ஆஃப்' என்று இருக்கும், எலிமென்ட் காய்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்று பார்த்தீங்கன்னா, அமெரிக்க 240 வோல்ட்டில் இரண்டு கம்பியுமே உயிருள்ளவை, எர்த்தைப் பார்த்து ஒவ்வொன்றிலும் 120 வோல்ட். ஒரே ஒரு எஸ்எஸ்ஆர் ஒரு கம்பியைத்தான் வெட்டுகிறது, மறு கம்பி எலிமென்ட் முனையில் அப்படியே நிற்கும். ஆகவே இரண்டையும் சேர்த்து வெட்டும் இரட்டைத் துருவ கான்டாக்டர் கட்டாயம் வேணும். செலவைக் குறைக்க முதலில் கழற்றப்படுவது அதுதான்.

இப்போது அந்தச் சிவப்புக் காளான் பட்டன். பல வரைபடங்களில் அதை அமுக்கினால் எதுவும் நேரடியாக அறுபடுவதில்லை. ஒரு ரெசிஸ்டர் வழியாக லைனிலிருந்து எர்த்துக்குக் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடுகிறார்கள். அந்தக் கசிவைப் பார்த்து ஜிஎஃப்சிஐ பிரேக்கர் விழ வேண்டும் என்பது கணக்கு. நம்ம ஊர் ஆர்சிசிபி-யின் அண்ணன்தான் ஜிஎஃப்சிஐ. வீடுகளில் நாம் போடுவது வழக்கமாக 30 மில்லி ஆம்பியரில் விழும், அது சுமார் 5-லேயே விழும். யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான், கம்பியும் மிச்சம். ஆனால் எர்த் கம்பி எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் கசிய வழியில்லை, பட்டன் வெறும் அலங்காரம். எர்த் விட்டுப்போன பேனலில்தான் அந்தப் பட்டன் ரொம்பத் தேவைப்படும்! தொழிற்சாலை இயந்திரங்களில் பழக்கம் நேர்மாறு. கான்டாக்டர் காயிலுக்குப் போகும் மின்சாரம் எப்போதும் மூடியிருக்கும் பட்டன் வழியாகவே போகும். அமுக்கினாலும் அறுபடும், கம்பி கழன்றாலும் அறுபடும். ஒரு பட்டன், ஒரு காயில், இதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கு?

எர்த் என்றதும் துணி காயவைக்கும் டிரையரின் சாக்கெட் ஞாபகம் வருகிறது. நிறைய பேர் பேனலை அதில்தான் செருகுகிறார்கள். அமெரிக்க மின்விதி 1996-லிருந்துதான் புது இணைப்புகளுக்கு நாலு கம்பி கேட்கிறது. அதற்கு முந்தைய வீடுகளில் பெரும்பாலும் மூணு கம்பிதான், மூணாவது நியூட்ரல், எர்த் அல்ல. "மூணாவதை எர்த்தாகவும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் தாண்டிப் போகும் வரைபடத்தை அங்கேயே மூடி வைத்துவிடலாம். அந்த நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால், பேனலின் 120 வோல்ட் பாகங்கள் வழியாக எவர்சில்வர் பாத்திரத்தின் உடம்பு வரைக்கும் மின்சாரம் வந்து நிற்கும். ஈரத் தரை, கையில் கரண்டி. அப்படிப்பட்ட வீட்டில் மீட்டரும் விளக்கும் வாங்குவதற்கு முன்னால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நாலாவது கம்பி இழுக்க வேண்டும்.