எல்லையூர்ச் சொல்லிசை: தாராவி இளையோர் கலையும் இரு திரைப்படங்களும்

முன்னுரை

சயான் எனத் தமிழர் வழங்கும் ஊருக்கு மராத்தியில் ‘ஷீவ்’ என்பது பெயர். எல்லை என்பது அதன் பொருள். பழைய பம்பாய்த் தீவின் வட எல்லையாக இருந்தமையால் இப்பெயர் அமைந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுப்பிய கோட்டை அவ்வெல்லைக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. மும்பைத் தமிழரின் கலைவாழ்விலும் சயான் ஓர் எல்லையே. இருப்புப் பாதைக்குக் கிழக்கே, மாதுங்காவை ஒட்டி, 1952இல் நிறுவப்பெற்ற சண்முகானந்த சங்கீத சபையின் அரங்கம் உள்ளது. 1963இல் திறக்கப்பெற்று, 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் எழுந்த அரங்கம் அது. பாதைக்கு மேற்கே தாராவி. அங்கே அரங்கம் இல்லை, சந்து உண்டு. கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அச்சந்துகளில் ராப் எனப்படும் சொல்லிசை வளர்ந்து வந்துள்ளது.

விளிம்பில் நிற்கும் இளையோர் கலைவழியே நட்பை அடைவது இக்காலக் கதைகளில் பெருக வழங்கும் ஒரு பொருள். தாராவியைக் களமாகக் கொண்ட ‘காலா’ (2018), ‘கல்லி பாய்’ (2019) ஆகிய இரு திரைப்படங்களும் அப்பொருளை எவ்வாறு கையாண்டுள்ளன என்பதையும், அவற்றுள் தமிழ் பெறும் இடம் யாது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரைகதையும் தனிமையும்

இப்பொருளை மிகுதியாக எடுத்தாண்ட வடிவம் வரைகதைப் புதினம் ஆகும். மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சபலிஸ்’ 2000 முதல் 2003 வரை பிரெஞ்சு மொழியில் நான்கு பகுதிகளாக வெளிவந்தது. ஈரானிலிருந்து வியன்னா சென்ற சிறுமி அங்கே எவருக்கும் வேண்டாதவளாய் நிற்கிறாள். ஆசிரியர்களை அவள் கேலியாக வரையும் படங்கள் அவளை வகுப்பினரோடு இணைக்கின்றன. மாலிக் சஜாத் 2015இல் வெளியிட்ட ‘முன்னு’ காஷ்மீர்ச் சிறுவன் ஒருவனின் கதை. அவன் உடன் பயிலும் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் படம் வரைந்து கொடுக்கிறான்.

இவ்விரு நூல்களிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. வரைதல் தனிமையில் நிகழ்கிறது. வரைந்தது கைமாறும்போதே உறவு பிறக்கிறது. கலை முன்னது, நட்பு பின்னது. வரைகதை என்னும் வடிவமும் இதற்கு இயைந்ததே. ஒருவர் தனித்திருந்து வரைவதை மற்றொருவர் தனித்திருந்து படிக்கிறார்.

எடுத்துக் கொடுக்கும் குரல்

தாராவிச் சொல்லிசையில் இவ்வரிசை மாறிவிடுகிறது. சொல்லிசை ஒருவரால் மட்டும் நடைபெறுவதில்லை. ஒருவர் வரியைச் சொல்ல, மற்றொருவர் வாயாலேயே தாளம் எழுப்புகிறார். மூச்சு முடியும் இடத்தில் வேறொருவர் வரியை ஏற்றுக்கொள்கிறார். சூழ நிற்போர் ஈற்றுச் சொல்லை உடன் சொல்கின்றனர். எனவே இங்கு நட்பு கலையின் விளைவு அன்று. கலை நிகழ்வதற்கே அது முன்தேவையாகும்.

இத்தகைய அமைப்பு தமிழுக்குப் புதிதன்று. தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடிபெயர்ந்தோர். அச்சீமையின் வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகருக்கு இருபுறமும் வலம்பாடியும் இடம்பாடியும் அமர்ந்து ‘ஆமாம்’ போட்டுக் கதையை நடத்துவர். தஞ்சைப் பகுதியின் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து ஒருவரையொருவர் பாட்டால் மடக்குவர். சொல்லிசைப் போட்டியில் காணப்படுவதும் இதுவே. லாவணி மராத்தியர் ஆட்சியின்போது மராத்தி மண்ணிலிருந்து தஞ்சைக்கு வந்த வடிவம் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தாராவி இளைஞர்கள் வில்லுப்பாட்டிலிருந்தோ லாவணியிலிருந்தோ தம் கலையைக் கற்றனர் என்பது இதன் கருத்தன்று. அவர்கள் கற்றது 1970களில் நியூயார்க்கின் கறுப்பின, கரீபிய, லத்தீன் இளைஞரிடையே தோன்றிய கலையை. எனினும் வந்த கலை இங்கு வேர்பிடித்தமைக்கு ஈண்டுள்ள கூட்டுவாழ்வு இடந்தந்தது எனலாம்.

பெயரிடும் முறையும் நோக்கத்தக்கது. ‘ஸ்லம்காட்ஸ்’ என்னும் நடனக் குழுவின் பெயர், ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) என்னும் திரைப்படத் தலைப்புக்குச் சொன்ன மறுமொழி. தாராவியைச் சேர்ந்த எம்.சி. அல்தாஃப் 2019இல் வெளியிட்ட பாடலின் தலைப்பு ‘கோட் மும்பை 17’. 400017 என்பது தாராவியின் அஞ்சல் எண். சங்கப் புலவர் பலர் பெயருக்கு முன் ஊர்ப்பெயர் நிற்பதை நாம் அறிவோம். பிறர் இழிவாகச் சுட்டும் ஊரையே அடையாளமாகச் சூட்டிக்கொள்வது இவ்விளைஞர்களின் முறையாகும்.

‘கல்லி பாய்’: ஏணியாகும் நட்பு

ஜோயா அக்தர் இயக்கிய ‘கல்லி பாய்’, டிவைன், நேசி என்னும் இரு பாடகரின் வாழ்விலிருந்து ஊக்கம் பெற்றது. தாராவியில் வாழும் கல்லூரி மாணவன் முராத் குறிப்பேட்டில் வரிகளை எழுதி மறைத்து வைக்கிறான். இதுவரையில் அவன் வரைகதைச் சிறுவனைப் போன்றவனே. எம்.சி. ஷேர் என்னும் பாடகனிடம் தன் வரிகளைக் கொடுத்துப் பாடச் சொல்கிறான். ஷேர் மறுத்து, அவனையே பாடப் பணிக்கிறான். இப்படத்தின் சிறந்த காட்சி இதுவே எனலாம். எழுத்தாக ஒளிந்திருந்தது குரலாவதற்கு ஒரு நண்பனின் மறுப்பு காரணமாகிறது. வரிகளை வாங்கிக்கொள்ளாமல் இடத்தைக் கொடுப்பதே ஷேரின் கொடை.

ஆயின் படம் வளர வளர அந்த இடம் ஒருவர்க்கே உரியதாகச் சுருங்குகிறது. போட்டியில் முராத் வெல்கிறான். ஷேர் தோற்றும் மகிழ்கிறான். மற்றொரு நண்பனாகிய மொயீன் சிறையில் இருக்கிறான். நண்பர் இருவருமே நாயகன் ஏறிச்செல்லும் படிகளாகின்றனர். தனி ஒருவனின் முன்னேற்றத்தைக் காட்டும் கதைமரபில் இது தவிர்க்க இயலாதது என்று கூறலாம். எனினும் கூட்டாகப் பிறந்த கலைக்குத் தனிமனித முடிவு பொருந்தவில்லை.

மொழி நோக்கிலும் ஒரு குறை உண்டு. தாராவி தமிழர் மிகுதியாக வாழும் பகுதி. இப்படத்தின் முதன்மைப் பாத்திரங்கள் பாடுவது மும்பைத் தெருவின் இந்தியில். அது கதைக்குரிய இளைஞனின் மொழியே, அதில் பிழையில்லை. எனினும் தாராவியின் ஒலிச்சூழலில் இடையறாது கேட்கும் தமிழ் இப்படத்தின் மையத்தை எட்டவில்லை.

‘காலா’: முகமற்ற கூட்டம்

பா. இரஞ்சித் இயக்கிய ‘காலா’ இக்குறையை மறுமுனையிலிருந்து நிறைக்கிறது. தாராவியின் டோபடெலிக்ஸ் குழு இந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் பாடுவது. இக்குழுவினர் சந்தோஷ் நாராயணன் இசையமைத்த இப்படத்தின் பாடலாக்கத்தில் பங்கேற்றுத் திரையிலும் தோன்றினர். தாராவி இளைஞரின் தமிழ்ச் சொல்லிசை உலகத் தமிழரின் செவிக்கு எட்டியது இதனாலேயே எனலாம்.

இப்படத்தில் கலை எவரையும் தாராவியிலிருந்து வெளியேற்றவில்லை. நிலத்தைக் காக்கும் போராட்டத்தின் உறுப்பாக அது நிற்கிறது. பாடுவோர் ஒருவர்க்கொருவர் போட்டியாளர் அல்லர். சந்தின் நிகழ்வுகளை எடுத்துரைப்போராகவும் மக்களின் குரலாகவும் அவர்கள் இயங்குகின்றனர். கலையின் கூட்டியல்பு இதில் காக்கப்படுகிறது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. கரிகாலன் என்னும் பெருந்தலைவனைச் சுற்றிப் பின்னப்பட்ட கதையில், பாடும் இளைஞர்க்குத் தனி வாழ்வு இல்லை. அவர்கள் எங்கே சந்தித்தனர், யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தனர், வீட்டில் எதிர்ப்பு இருந்ததா என்பவற்றைப் படம் கேட்கவில்லை. ‘கல்லி பாய்’ கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுத்தது. ‘காலா’ கூட்டத்தை வைத்துக்கொண்டு முகங்களை விட்டுவிட்டது. நட்பு என்பதோ கூட்டத்திற்கும் தனியருக்கும் இடைப்பட்டது. இருவர், மூவர், நால்வர்க்கு உரியது. அந்த அளவில் தாராவி இளையோரை இவ்விரு படங்களும் முழுமையாகக் காட்டவில்லை.

எழுத்தறியாத் தமிழ்

இக்குறை திரைப்படத்தோடு நின்றிருந்தால் பெரிதன்று. அதற்குப் பின்னே ஒரு மொழிச் சிக்கல் உண்டு. மூன்றாம், நான்காம் தலைமுறைத் தாராவித் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் நெல்லைத் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ வழங்குவோர். மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்திவரினும், தமிழ்வழிச் சேர்க்கை குறைந்து வருகிறது. தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்னும் நிலையில் ஒரு தலைமுறை உருவாகியுள்ளது. மராத்தியர் நடுவே இவர்கள் மதராசிகள். தமிழ்நாட்டார் நடுவே தமிழ் எழுதத் தெரியாதவர். இருபுறமும் இவர்கள் அயலாரே.

இத்தகையோர் தமிழில் புதிதாக ஒன்றைப் படைப்பதற்குக் கட்டுரையோ கவிதையோ சிறுகதையோ துணைசெய்யா. அவை எழுத்தை வேண்டுவன. சொல்லிசை நாவையும் செவியையும் மட்டுமே வேண்டுகிறது. எழுத்தின் துணையின்றித் தமிழில் ஆக்கம் செய்யத்தக்க வடிவங்களுள் ஒன்று இவ்வாறு அவர்களுக்குக் கிட்டியுள்ளது. அவர்கள் தமிழ் வரிகளை எவ்வெழுத்தில் குறித்து வைக்கின்றனர், எதுகை மோனை அவர்தம் செவியில் எவ்வாறு அமைகிறது, இந்திச் சொல் தமிழ் விகுதி ஏற்கும்போது தாளம் எங்ஙனம் மாறுகிறது என்பன மொழியியலார் ஆராயத்தக்க வினாக்கள்.

சபைக்கும் சந்துக்கும் இடையே பாலம் இல்லாமலும் இல்லை. மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன் தம் ‘தா தோம்’ முயற்சியில் கருநாடக இசையின் கொன்னக்கோலையும் மும்பை இளைஞரின் சொல்லிசையையும் இணைத்தார். இருப்புப் பாதையின் இரு மருங்கிலும் வழங்கும் தாளங்கள் ஒன்றையொன்று அறியும் என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

வரைகதைகளில் தனித்துப் பிறந்த கலை நட்பைத் தேடிச் செல்கிறது. தாராவியில் நட்பிலிருந்தே கலை பிறக்கிறது. ‘கல்லி பாய்’ அந்நட்பை ஒருவன் ஏறும் ஏணியாகவும், ‘காலா’ அதனைப் போராட்டத்தின் பின்னணியாகவும் கொண்டன. முன்னது தமிழை விட்டது; பின்னது தமிழைத் தந்து ஆளை விட்டது.

தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022இல் முடிவாகி, 2023இல் அரசின் ஆணையும் வெளியாயிற்று. சந்துகள் அடுக்குமாடிகளாக மாறுமாயின், நால்வர் கூடி நின்று வரி எடுத்துக் கொடுக்கும் இடமும் மாறும். வில்லுப்பாட்டைப் பதிவு செய்யத் தமிழுலகம் காலந்தாழ்த்தியதால் இழந்த பாடல்கள் பல. சொல்லிசையிலும் அவ்விழப்பு நேராதிருக்க வேண்டுமாயின், மும்பைத் தமிழ் அமைப்புகளும் தமிழாய்வு நிறுவனங்களும் இவ்விளைஞரின் தமிழ் வரிகளை ஒலியாகவும் எழுத்தாகவும் தொகுத்தல் வேண்டும். தொகுக்கும்போது பாடியவர் பெயரோடு, உடன் நின்று எடுத்துக் கொடுத்தவர் பெயரும் குறிக்கப்பெறுதல் வேண்டும்.