ஒரே வடிவம், பல உயிர்கள்

பாட்டி பூவேலை செய்த மேஜை விரிப்பில் இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது. கூம்பிய பழுப்புக் கறை. அம்மா வந்தால் என்ன சொல்வது என்று பிள்ளை தவிக்கிறது. போலந்து ஓவியர் இவோனா ஹ்மியெலெவ்ஸ்காவின் ‘க்வோபோத்’ என்ற படநூலில் நடப்பது இவ்வளவுதான். பக்கம் புரட்டப் புரட்ட அதே கறை, இரண்டொரு கோடு சேர்ந்ததும் வேறொன்றாகிவிடுகிறது. பிள்ளையின் மனம் தப்பிக்க வழி தேடி ஓடும் ஓட்டம் அது. அம்மா வந்ததும் திட்டவில்லை. முதல் கறையின் பக்கத்தில் இன்னொன்றைத் தானே சுட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு மீனாக்கிவிடுகிறார்.

ஹ்மியெலெவ்ஸ்காவின் கலை முழுவதும் இந்த உத்தியில்தான் நிற்கிறது: ஒரே வடிவத்தைப் பல பொருளுக்குத் திருப்புவது. அதன் பலமும் பலவீனமும் இங்கேயே இருக்கின்றன.

1960இல் பிறந்து தோருன் பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவர் அவர். யான் மார்த்சின் ஷான்த்செர், போஹ்தான் புதென்கோ, யூசெஃப் வில்கோன் போன்றோர் வளர்த்த வளமான மரபு போலந்துச் சிறுவர் நூல்களுக்கு உண்டு. ஆனாலும் இவரை முதலில் அரவணைத்தவர்கள் தென்கொரியப் பதிப்பாளர்கள். அங்கே வெளிவந்த நூல்களுக்காகவே 2007இல் பிராத்திஸ்லாவாவின் தங்க ஆப்பிள் விருதும், 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் போலோன்யா ராகாஸ்ஸி விருதும் கிடைத்தன. சொந்த நாட்டு வாசகர்களிடம் அவர் சுற்றுவழியில்தான் வந்து சேர்ந்தார்.

2013இல் விருது பெற்ற ‘கண்கள்’ நூலில் தாளிலேயே இரண்டு ஓட்டைகள். ஒரு பக்கத்தில் அவை கண்கள். புரட்டினால் வேறு பொருள்கள். பார்வையின்மையைப் பற்றிய நூல், படிப்பவரின் பார்வையையே ஏமாற்றிக் காட்டுகிறது. நுட்பமான வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஐந்தாறு பக்கம் தாண்டியதும் ‘அடுத்தது என்னவாக இருக்கும்’ என்ற ஊகம் முன்னால் வந்துவிடுகிறது. பார்வையற்றவரின் உலகம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. இஸ்திரிக் கறையில் இந்தக் குறை இல்லை. அங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பிள்ளையின் பயம் உந்துகிறது. உத்தியை உந்த அப்படி ஓர் உணர்ச்சி இல்லாதபோது அவருடைய படங்கள் விடுகதையாகச் சுருங்கிவிடுகின்றன.

‘ப்ளூம்காவின் நாட்குறிப்பு’ அந்த வலையில் விழவில்லை. வார்சாவில் மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய யூத அநாதை இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றியது அது. 1942 ஆகஸ்டில் கோர்ச்சாக்கும் பிள்ளைகளும் த்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அந்தக் கொலையை நூல் வரைவதில்லை. பிள்ளைகளின் குறும்பு, சிறு உடைமைகள், அவர்கள்மேல் அந்த மருத்துவர் வைத்த மரியாதை ஆகியவை கோடுபோட்ட பழைய நோட்டுத்தாளில் விரிகின்றன. போர் வந்ததும் நாட்குறிப்பு நின்றுவிடுகிறது. குழந்தைகளைச் சாவின் வழியாக இல்லாமல் வாழ்வின் வழியாக நினைவில் நிறுத்துவது என்ற முடிவை நான் முழுமனதோடு ஏற்கிறேன். விலையும் உண்டு: வரலாறு தெரியாத சிறுவர்க்கு அந்த மௌனம் வெறுமையாகவே படும். அருகே ஒரு பெரியவர் வேண்டும்.

எழுத்தாளர் ஓல்கா தோகார்சுக்கின் சில பக்க உரைக்கு ஹ்மியெலெவ்ஸ்கா வரைந்த ‘தொலைந்த ஆன்மா’ (2017) சிறுவரிடமிருந்து இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. அவசர வாழ்க்கையில் ஆன்மாவைத் தவறவிட்ட யான், ஒரு வீட்டில் உட்கார்ந்து அது வந்து சேரக் காத்திருக்கிறான். அவன் ஒருபுறம், குழந்தை உருவில் அலையும் ஆன்மா மறுபுறம். கட்டம்போட்ட கணக்குத்தாளில் சாம்பல் நிறப் பென்சில் கோடுகள். பெரும்பாலான பக்கங்களில் எழுத்தே இல்லை. காத்திருப்பின் நீளத்தை வாசகரும் சுமந்தாக வேண்டும். இருவரும் சேர்ந்த பிறகு செடிகளோடு நிறமும் மெல்லப் பரவுகிறது. வார்த்தையால் செய்ய முடியாததைப் படம் செய்யும் இடம் அது. ஆனால் களைத்துப்போன நடுவயதுக்காரரின் துயரம்தான் அதன் மையம். அதில் குழந்தை ஓர் உருவகம் மட்டுமே, வாசகர் அல்ல. படநூல் பெரியவர்களுக்கும் உரியது என்று ஹ்மியெலெவ்ஸ்காவை ஆதரிப்போர் சொல்வது சரிதான். அதற்காகச் சிறுவர் அலமாரியில் அதை நான் வைக்க மாட்டேன். அங்கே என் கை முதலில் எடுப்பது ‘க்வோபோத்’.