களையும் தீவனமாகும் ஊரில் களைக்கொல்லி தாங்கும் பயிர்

வயல் முழுவதும் களைக்கொல்லி தெளித்தாலும் தான் மட்டும் வாடாமல் நிற்கும்படி மரபணு மாற்றிய தீவனப்பயிர்களில் உலகம் நன்கு அறிந்தது குதிரை மசால். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, செடிக்குள் சில அமினோ அமிலங்கள் உருவாகத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. நொதி முடங்கினால் செடியால் புரதம் ஆக்க முடியாது. சில நாளில் மஞ்சளித்துக் கருகிவிடும். மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் நுண்ணுயிரின் 'சிபி4' வகையில் அதே நொதி சற்று வேறு வடிவில் இருக்கிறது. கிளைபோசேட்டால் அதை முடக்க முடிவதில்லை. அந்த நொதிக்கான மரபணுவைக் குதிரை மசாலுக்குள் புகுத்தி உருவாக்கியதே அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோவின் 'ரவுண்டப் ரெடி' ரகம். சோயாவிலும் மக்காச்சோளத்திலும் இதே உத்தி முன்பே வந்துவிட்டது.

அமெரிக்க வேளாண்துறை இந்த ரகத்தை 2005இல் அனுமதித்தது. சுற்றுச்சூழல் பாதிப்பு முழுமையாக ஆராயப்படவில்லை என்று விதை உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுக்க, 2007இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் புதிய விதைப்பைத் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2010இல் தீர்ப்பானது. 2011 ஜனவரியில் அமெரிக்க அரசு நிபந்தனையின்றி மீண்டும் அனுமதித்தது. வழக்கின் மையம் மாட்டின் உடல்நலம் அல்ல, மகரந்தம். குதிரை மசால் தேனீக்களால் கருவுறும் செடி. ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் நிற்கும். வரப்பிலும் சாலையோரத்திலும் தானாக முளைத்துப் பரவும். கலிஃபோர்னியா, ஐடஹோ, வாஷிங்டன் மாநிலங்களில் விதை உற்பத்தி நடக்கும் வட்டாரங்களைச் சுற்றி நடந்த ஓர் ஆய்வில், சாலையோரம் தானாக முளைத்திருந்த குதிரை மசால் திட்டுகளில் ஏறக்குறைய கால்வாசியில் மாற்று மரபணு இருந்தது. 2014இல் சீனா தன் துறைமுகங்களுக்கு வந்த அமெரிக்க உலர்தீவனத்தைச் சோதித்து, மரபணு மாற்றத்தின் சுவடு இருந்த சரக்கை ஏற்க மறுத்தது. மரபணு மாற்றாத விதையை நட்டவர்களும் அதில் அடிபட்டார்கள்.

பயன்களும் உண்மையானவையே. குதிரை மசால் முளைத்த முதல் சில வாரங்களில் மெதுவாகத்தான் வளரும். அப்போது களை மூடினால் நடவே வீணாகிவிடும். அந்தக் கட்டத்தில் ஒரு தெளிப்பு வயலைத் துப்புரவாக்குகிறது. செடியைச் சுற்றிக்கொண்டு சாறு உறிஞ்சும் கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடியைக் கையால் பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத வேலை. கிளைபோசேட் அதை அடக்குகிறது. நச்சுக்களை கலந்த தீவனத்தால் குதிரையும் மாடும் சாவது குறைகிறது. உழவும் டீசலும் மிச்சம். ஆனால் ஒரு கணக்கு விளம்பரங்களில் வருவதில்லை. களையை நீக்கினால் முதல் அறுப்பின் மொத்த எடை பல நேரங்களில் குறைகிறது, ஏனெனில் களைக்கும் எடை உண்டு. கூடுவது தரம்தான். தரத்துக்குத் தனி விலை கிடைக்கும் சந்தையில் அது லாபம். கட்டுக்கணக்கில் புல் விற்கும் ஊரில் லாபமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குக் கர்நாடகத்தின் கோலாரைப் பார்க்கலாம். இந்த மாவட்டத்தைத் தாங்குவன பாலும் பட்டும். ஆற்றுப் பாசனம் இல்லாத இந்த மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்டன. 2018 முதல் பெங்களூரில் சுத்திகரித்த கழிவுநீர்தான் ஏரிகளை நிரப்புகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை, மாரிகுப்பம் ஆட்கள் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பேத்தமங்கலம், பங்காருபேட்டை பக்கத்துக் கிராமங்களில் கறவை மாடு வீட்டுச் செலவை ஓட்டுகிறது. மாட்டுக்குப் போவது கம்பு நேப்பியர் புல், தீவன மக்காச்சோளம், கேழ்வரகுத் தாள். நிறையத் தண்ணீர் கேட்கும் குதிரை மசால் இங்கே சொற்பம்.

இந்தப் பயிர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் களைக்கொல்லி தாங்கும் ரகத்தின் தேவை சுருங்கிக்கொண்டே போகிறது. நேப்பியரைக் கரணை வைத்து நடுகிறார்கள். முதல் அறுப்புக்குப் பின் அது அடர்ந்து நிழல் கட்டிவிடும், களைக்கு இடமில்லை. தீவன மக்காச்சோளத்தை நெருக்கி விதைத்து, இரண்டு இரண்டரை மாதத்தில் அடியோடு அறுப்பதால், நடுவே முளைத்த புல்லும் சேர்ந்தே மாட்டுக்குப் போகும். அப்படியும் களை மிஞ்சினால் அட்ரசின் போன்ற களைக்கொல்லிகளை மரபணு மாற்றாத மக்காச்சோளமே தாங்குகிறது. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா வழியாக இந்தியாவுக்குள் தெரியவந்த படைப்புழுதான் இன்று மக்காச்சோளக்காரர்களின் பெரிய தலைவலி. களைக்கொல்லி தாங்கும் மரபணு புழுவை ஒன்றும் செய்யாது.

இதைவிட முக்கியமானது, இங்கே களையே ஒரு தீவனம். கேழ்வரகு வயலில் களையெடுக்கும் பெண்கள் பிடுங்கியதை வரப்பில் எறிந்துவிடுவதில்லை. பார்த்தீனியத்தைத் தின்ற மாட்டின் பால் கசக்கும் என்பதால் அதை மட்டும் தனியே கழித்துவிட்டு, மீதியை மண் உதறிக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து போகிறார்கள். நிலம் இல்லாத வீட்டில் ஒரு மாடு நிற்க முடிவது இந்தக் கட்டால்தான். கேழ்வரகுக்கு நடுவே அவரை, துவரை, கடுகு என்று வரிசை விட்டு விதைக்கும் 'அக்கடி சாலு' முறையும் இந்த மாவட்டத்தின் பழக்கம். அவரைக் கொடி பின்னால் மாட்டுக்கு ஆகிறது. எதையும் மிச்சம் வைக்காத களைக்கொல்லி இந்தக் கலப்பு விதைப்போடு ஒத்துப்போகாது. களைக்கொல்லி தாங்கும் பயிர் வந்தால் களையெடுக்கும் கூலி மிச்சம் என்பது உண்மை. அந்த மிச்சம் நிலம் உள்ளவருக்கு, இழப்பு நிலம் இல்லாதவருக்கு.

பக்கத்து வயலின் ஆபத்து இன்னும் கூர்மையானது. அமெரிக்கத் தீவன வயல்போல நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே பயிராகக் கோலாரில் கிடையாது. அரை ஏக்கர் தீவனம், ஒட்டியே தக்காளி, அதற்கப்பால் மல்பெரி. காற்றில் மிதந்து வரும் சிறு அளவு கிளைபோசேட் போதும், தக்காளியின் இளந்தளிர் அடியில் வெளுத்துச் சுருளும். முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் பல வீடுகளில் ஒன்றுதான். காலையில் களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் மாலையில் தக்காளிக்குப் பூஞ்சாண மருந்து அடித்தால் விளைவு ஒரு வாரத்தில் தெரியும். மருந்து பட்ட மல்பெரி இலையைப் பட்டுப்புழுவுக்குப் போடவே முடியாது.

பாலில் என்ன வரும் என்பதுதான் பொதுமக்கள் முதலில் கேட்பது. இந்த அச்சம் பெரிதுபடுத்தப்பட்டது. மாற்று மரபணுவும் அதன் புரதமும் மற்ற உணவுபோலவே மாட்டின் வயிற்றில் செரிமானமாகின்றன; கிளைபோசேட் கொழுப்பில் கரையாதது, பெரும்பகுதி சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். இந்தியப் பருத்தியில் பெரும்பகுதி 2002இல் அனுமதி பெற்ற பிடி பருத்தி என்பதால், மரபணு மாற்றிய பயிரின் பருத்திக்கொட்டையையும் பிண்ணாக்கையும் நம் மாடுகள் பல ஆண்டுகளாகத் தின்றுவருகின்றன. கவனிக்க வேண்டியது மருந்தின் எச்சம். தானியத்துக்கு வளர்க்கும் பயிரில் மருந்து பட்ட பச்சை இலை நேராக மாட்டுக்குப் போவதில்லை; தீவனத்தில் அந்த இலையேதான் போகிறது. தெளிப்புக்கும் அறுப்புக்கும் இடையே விடவேண்டிய நாள்களை, மாடு பசியோடு நிற்கும் வீட்டில் யார் கண்காணிப்பது? 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை மனிதருக்குப் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் வைத்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்காற்று அமைப்புகள் அதை ஏற்கவில்லை. சர்ச்சை எப்படி முடிந்தாலும், முதலில் நனைவது தெளிப்பவரின் கைதான்.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் களை பழகிக்கொள்ளும். கிளைபோசேட்டுக்கு அடங்காத முதல் களை 1996இல் ஆஸ்திரேலியாவில் தெரியவந்த ரைகிராஸ். வேடிக்கை என்னவென்றால் அதுவே தீவனப்புல்லும்கூட. அமெரிக்கப் பருத்தி வயல்களில் தண்டுக்கீரைக்கு உறவான பாமர் அமராந்த் 2000களின் நடுவில் அடங்காமல் போனபோது, விவசாயிகள் மீண்டும் கைக்களையெடுப்புக்கும் பழைய மருந்துகளுக்கும் திரும்பினார்கள்.

சட்டத்தின் நிலை தெளிவாக இருக்கிறது, நடைமுறை அப்படியில்லை. மரபணு மாற்றிய தீவனப்பயிர் எதற்கும் இந்தியாவில் அனுமதி இல்லை. குளுபோசினேட் தாங்கும் மரபணு கொண்ட டிஎம்எச்-11 கடுகுக்கு 2022இல் கிடைத்த நிபந்தனை அனுமதியும், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரின் மாறுபட்ட தீர்ப்பால் நின்றுபோனது. கிளைபோசேட்டுக்கான அனுமதியே தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான். ஆனாலும் களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை அனுமதியின்றி மகாராஷ்டிரத்தில் பரவி, 2019இல் அகோலாவில் விவசாயிகள் அதைப் பகிரங்கமாக விதைத்தே போராடினார்கள். கள்ள விதைக்குப் பயன்பாட்டு விதியும் கிடையாது, தோற்றால் கேட்க ஆளும் கிடையாது. முடிவெடுக்காமல் இழுத்தடிப்பதும் ஓர் ஆபத்து என்பதை இந்திய ஒழுங்காற்றுக் குழு இதிலிருந்து உணர வேண்டும்.

ஆள் கிடைக்காத பெரும் பண்ணைகளில், ஊறுகாய்ப் புல் எனும் சைலேஜுக்காகப் பல ஏக்கர் மக்காச்சோளம் போடுபவருக்கு இந்தத் தொழில்நுட்பம் பயன்படலாம். தங்கவயலைச் சுற்றி இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இப்போதைக்கு இது தேவையில்லை. அப்படியொரு மக்காச்சோளத்துக்கு நாளை யாராவது அனுமதி கேட்டு வந்தால், ஆராய்ச்சி நிலையத்தின் தனித்த வயலில் எடுத்த கணக்கை மட்டும் ஏற்கக் கூடாது. தக்காளிக்கும் மல்பெரிக்கும் நடுவே உள்ள கோலாரின் அரை ஏக்கரில், அதே முதுகு ஸ்பிரேயரைக் கொண்டு சோதித்த முடிவையும் கேட்க வேண்டும்.