ரைபோசோமை எப்படி ரசிப்பது?

1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், மூன்று வயதிலேயே பெற்றோருடன் பரோடாவுக்குக் குடிபோய்விட்டார். ஒருவர் பிறந்த நாடு வெறும் தற்செயல் என்று சொன்னவரும் அவர்தான். ஆகவே கொள்ளிடக்கரைப் பெருமையை ஒதுக்கிவிட்டு, அவர் படம்பிடித்துக் காட்டிய பொருளைப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

பரோடாவில் இயற்பியல் பட்டம் பெற்று, ஒஹையோவில் 1976இல் அதே துறையில் முனைவரானார். அதன்பிறகு கலிஃபோர்னியாவில் மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். யேலில் பீட்டர் மூரிடம் ரைபோசோமில் கைவைத்தவர் பிறகு அதை விடவே இல்லை. வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமைப் படிகமாக்கி, அதன் சிறுபாதியின் அணு அமைப்பை 2000இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்டார். 2009இல் டாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ரைபோசோம் என்பது உயிரணுவுக்குள் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் இயந்திரம். அதன் படம் முதல் பார்வையில் சிக்கெடுக்காத நூல்கண்டு மாதிரிதான் இருக்கும். அதில் ஆர்என்ஏவும் புரதங்களும் பின்னிக் கிடக்கின்றன; அந்தப் புரதங்களை மறந்துவிட்டு ஆர்என்ஏ இழையை மட்டும் பின்தொடர வேண்டும். சிறுபாதியில் சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள ஒரே இழை மடிந்து மடிந்து தலை, கழுத்து, உடல் என்று உருவெடுப்பது அப்போது தெரியும். சற்றேறக்குறைய இருபது புரதங்கள் பெரும்பாலும் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துப் பாருங்கள்: அங்கே ராஜராஜன் விமானம் 1010இல் முடிந்தது. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது, முருகன் சன்னதி நாயக்கர் காலத்தது. ரைபோசோமிலும் ஆர்என்ஏதான் பழைய கருவறை, புரதங்கள் பின்னால் எழுந்த சன்னதிகள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பெரும்பாதியில் அமினோ அமிலங்கள் இணையும் இடத்திலும் ஆர்என்ஏ மட்டுமே இருப்பதை ஸ்டைட்ஸ் குழு அதே 2000இல் காட்டியது.

அடுத்து நின்று பார்க்க வேண்டிய இடம், மரபுச் செய்தி சரிபார்க்கப்படும் மூலை. செய்தி மூன்றெழுத்துச் சொற்களாக வருகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு ஒரு சிறு ஆர்என்ஏ வந்து பொருந்துகிறது. உடனே சிறுபாதி இழையில் 1492, 1493 என்று எண்ணிடப்பட்ட இரண்டு அடினின் எழுத்துகள் மடிப்பிலிருந்து வெளியே புரண்டு, செய்திச் சொல்லும் வந்த ஆர்என்ஏவும் சேர்ந்த இணையின் பள்ளத்தை விரலால் தடவுவதுபோல் தொட்டுப் பார்க்கின்றன. முதல் இரண்டு எழுத்தில் வடிவம் கொஞ்சம் பிசகினாலும் வந்த ஆர்என்ஏ திரும்பிப் போக வேண்டியதுதான். மூன்றாம் எழுத்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை.

பரிணாமத்தைப் படிப்பவர்களுக்கு இந்தத் தாராளம் ஒரு வரப்பிரசாதம். அலனின் என்ற அமினோ அமிலத்துக்கு நான்கு சொற்கள். நான்கிலும் முதல் இரண்டு எழுத்து ஒன்றே. மூன்றாம் எழுத்து மாறினாலும் புரதம் மாறாது. இத்தகைய ஓசையற்ற மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதை ஒப்பிட்டு, இரண்டு உயிரினங்கள் எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தன என்று கணிக்கிறார்கள்.

ஆனால் அந்த 1,500 எழுத்து இழை மிக மெதுவாகவே மாறுகிறது. அதனால்தான் நுண்ணுயிரியலாளர் கார்ல் வோஸ் மிகப் பழைய உறவுகளைத் தேட அதைத் தேர்ந்தெடுத்தார். 1977இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அதை வைத்தே, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பாக்டீரியாவே அல்ல, தனி வம்சம் என்று அறிவித்தார்கள். ஆர்க்கியா என்று இன்று அழைக்கப்படும் அந்த வம்சத்தார் காவிரி டெல்டாவில் நிறையவே உண்டு. நட்டுச் சில வாரம் தண்ணீர் நின்ற சம்பா வயலில் கால் வைத்ததும் சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பும். அதில் இருக்கும் மீத்தேன் அவர்கள் விட்டதுதான்.