பெயர் மாறிய நகரும் மண்டெல்ஷ்டாமின் நினைவும்

உருசிய இலக்கியத்தில் இழந்த நகரைப் பற்றிய ஏக்கத்தை ஆராய்வோர் பெரும்பாலும் புலம்பெயர்ந்தோரையே சான்று காட்டுவர். 1919இல் நாடு நீங்கி மீளாத நபக்கோவ் தம் பீட்டர்ஸ்பர்க்கை நினைவுக் குறிப்புகளில் பழுதின்றிக் காத்தார். தொலைவே அவருக்குத் துணையாயிற்று. ஓசிப் மண்டெல்ஷ்டாமுக்கு அத்துணை இல்லை. வார்சாவில் பிறந்தவரெனினும் பீட்டர்ஸ்பர்க்கே அவர் வளர்ந்த நகர். 1930 திசம்பரில் அங்குத் திரும்பி நின்றே ‘லெனின்கிராட்’ கவிதையை எழுதினார். 1924இல் சூட்டிய புதுப்பெயரும் பழம்பெயரும் அதில் அருகருகே வருகின்றன. சாவை மறுத்துப் பேசுமிடத்தில் அவர் விளிப்பது பழம்பெயரையே. அவரிடம் எஞ்சியிருப்பவை இறந்தோரின் குரல்களைத் தேடிச் செல்வதற்கான முகவரிகள். இதனை ஏக்கம் எனல் பொருந்தாது எனக் கருதுகிறோம். இறுதி வரிகளில் அவர் இரவு முழுதும் கதவருகே ‘விருந்தினரை’ எதிர்நோக்குகிறார். அவர் கைதானது 1934இல்.